சித்தப்பா ஒத்துக்கலன்னா ஸ்காட்லாந்துக்கு ஓடணுமா? 1816 லண்டன்ல மாப்பிள்ளை தேடுற ஹீரோயினுக்காக ஒரு வாசகி கேட்டது

இந்த வாரம் பதிலுக்கு எடுத்துக்கிட்ட கடிதம் வழக்கமான ரகம் இல்ல. எழுதினவங்க டெல்டா பக்கம் ஒரு ஊர்ல கூட்டுறவு சங்கத்துல வேலை பாக்குறாங்க, வயசு முப்பதைத் தாண்டியாச்சு, பேரும் ஊரும் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, ஏன்னா பிள்ளை தூங்கின பிறகு மொபைல்லயே தட்டித் தட்டி ஒரு தொடர்கதை எழுதிட்டு வர்றாங்க, அது ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கே அரைகுறையாத்தான் தெரியும். நகைச்சுவைக் காதல் கதை. நடக்குறது 1816 லண்டன்ல. மூணாம் ஜார்ஜ் ராஜாவுக்கு மனநிலை சரியில்லாம போனதால மகன் ரீஜென்ட்டா உக்காந்து ஆட்சி நடத்தின காலம் அது, 1811ல இருந்து 1820 வரைக்கும், அதைத்தான் ரீஜென்சின்னு சொல்றாங்க.

கதைச்சுருக்கத்தை அவங்களே பக்கம் பக்கமா எழுதி அனுப்பியிருக்காங்க, நான் குறைச்சு சொல்றேன். ஹீரோயினுக்கு 22 வயசு, அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்ல. நிலம் நீச்செல்லாம் ஆண் வாரிசுக்குத்தான்னு தாத்தா காலத்துலயே கட்டி வெச்சதால அது சித்தப்பாவுக்குப் போயிடுச்சு. பொண்ணுக்கு அப்பா உயில்ல 8,000 பவுண்டு, ஆனா "சித்தப்பா சம்மதத்தோட கல்யாணம் பண்ணினா"ன்னு ஒரு வரி. சித்தப்பா கெடு வெச்சுட்டார், லண்டன்ல விருந்தும் டான்ஸுமா போற இந்த சீசன் முடியறதுக்குள்ள மாப்பிள்ளை அமையலன்னா யார்க்‌ஷயர்ல ஒரு வயசான அத்தைக்குத் துணையா அனுப்பிடுவாராம். இதுல பொண்ணு யாருக்கும் சொல்லாம தொப்பிக் கடையில 140 பவுண்டு பாக்கி வேற வெச்சிருக்கு. வரிசையில மூணு பேர். ஒருத்தர் வைகவுன்ட் பட்டம் உள்ள அழகான பிரபு, தலைக்கு மேல கடன். ரெண்டாவது வாட்டர்லூ சண்டையில இருந்து திரும்பின கேப்டன், இப்போ அரைச் சம்பளம், இவர்தான் ஹீரோ. மூணாவது மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பாத்து நல்லா சம்பாதிச்சு லீவுல வந்திருக்கிற 41 வயசு ஆசாமி, இவரை காமெடி வில்லனா வெச்சிருக்காங்க.

கேள்விகள் இதுதான். சித்தப்பா மறுத்தா கேப்டனோட ஸ்காட்லாந்து எல்லையில இருக்கிற கிரெட்னா கிரீனுக்கு ஓடணுமா? பால்கனியில வைகவுன்ட்டோட தனியா மாட்டிக்கிட்டா சட்டப்படி அவரையே கட்டிக்கணுமா? நடுராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்துல சர்ச் கல்யாணம் வைக்கலாமா? தப்பான ஆளைக் கட்டிக்கிட்டா டைவர்ஸ் வாங்கலாமா? கடைசி அத்தியாயத்துல ஹீரோயின் தன் பணத்துல தொப்பிக் கடை வைக்கலாமா? இதையெல்லாம் ஒரு வக்கீல்கிட்ட கேக்கலாமான்னு கடைசியில ஒரு தயக்கம் வேற.

தாராளமா கேக்கலாம்மா. நீங்க அனுப்பின மூணாவது, ஏழாவது அத்தியாயம் ரெண்டையும் படிச்சேன், சித்தப்பா மூக்குப்பொடி போட்டுக்கிட்டே மாப்பிள்ளை லிஸ்ட்டை வாசிச்சு ஒவ்வொரு பேருக்கும் ஒரு தும்மல் தும்முற இடம் பிரமாதம். ஆனா கதை முழுக்க ஒரு எண்ணம் ஓடிட்டே இருக்கு: வெள்ளைக்காரங்க ஊர்ல காதல்தான் முதல்ல, பணப்பேச்சு நம்ம ஊர் வியாதி, அதனால பணம் பேசுறவன் எல்லாம் வில்லன். அங்கதான் சறுக்குது. அந்தக் காலத்து வசதியான குடும்பங்கள்ல ரெண்டு பக்க வக்கீலும் உக்காந்து பேசி முடிக்காம மோதிரமே கைக்கு வராது. பொண்ணு எவ்வளவு கொண்டு வருது, அவளுக்குக் கைச்செலவுக்கு வருஷத்துக்கு எவ்வளவு, புருஷன் முதல்ல செத்தா அவளுக்கு ஆயுசுக்கும் எவ்வளவு, பொறக்கப் போற குழந்தைகளுக்கு எவ்வளவு, எல்லாம் பத்திரத்துல ஏறும். விதவைக்கான அந்தத் தொகைக்கு ஜாயிஞ்சர்னு பேரு, பொண்ணு கொண்டு வர்ற ஆயிரம் பவுண்டுக்கு வருஷம் நூறு பவுண்டுங்கறது பொதுவான கணக்கு. உங்க ஹீரோயினுக்கு 800 வரைக்கும் கேட்டுப் பேரம் பேசலாம்.

இவ்வளவு ஏன், ரீஜென்ட்டே கல்யாணம் பண்ணினது கடனை அடைக்கத்தான். 1795ல அவருக்குக் கடன் ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல, ஒழுங்கா ஒரு இளவரசியைக் கட்டிக்கோ அப்போ பாக்கலாம்னு சொன்னாங்க, ஜெர்மனியில இருந்து கரோலினைக் கூட்டிட்டு வந்தாங்க, முதல் தடவை பொண்ணைப் பாத்த உடனே பக்கத்துல இருந்தவர்கிட்ட ஒரு கிளாஸ் பிராந்தி கொண்டு வரச் சொன்னார் மனுஷன். நாட்டை ஆள்றவர் கதையே இப்படி இருக்க, உங்க கதையில வக்கீல் ஆபீஸ் சீன் ஒண்ணுகூட இல்லாதது பெரிய நஷ்டம். அங்க எழுதுற பத்திரத்துக்கு நீளத்தைக் கணக்குப் பண்ணித்தான் ஃபீஸ், அதனால ஒரே வார்த்தையை மூணு விதமா சொல்லி ஆட்டுத்தோல் மேல இழுத்துட்டே போவாங்க, கமா கிடையாது முற்றுப்புள்ளி கிடையாது, உங்க ஏழாவது அத்தியாயம் மாதிரியே இருக்கும்.

சித்தப்பாவால எதைத் தடுக்க முடியும்

கல்யாணத்தைத் தடுக்க முடியாது. 1753ல ஹார்ட்விக் பிரபு கொண்டு வந்த கல்யாணச் சட்டப்படி 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க லைசென்ஸ் வாங்கிக் கட்டிக்கணும்னாதான் அப்பாவோ கார்டியனோ சம்மதிக்கணும், இல்லன்னா அந்தக் கல்யாணமே செல்லாது. மூணு ஞாயித்துக்கிழமை சர்ச்ல பேரை வாசிச்சுக் கட்டிக்கிற முறையில போனா பெத்தவங்க எந்திரிச்சு ஆட்சேபம் சொல்லலாம், அதுவும் 21 வரைக்கும்தான். உங்க ஹீரோயினுக்கு 22. சித்தப்பா சர்ச்ல நின்னு கத்தினாலும் பாதிரியார் "உக்காருங்க சார்"னு சொல்லிட்டு அடுத்த பேரை வாசிப்பார். வேடிக்கை என்னன்னா, ராஜ குடும்பத்துக்கு 1772ல தனிச் சட்டம், அவங்களுக்குத்தான் ராஜாவோட சம்மதம் வேணும், அது இல்லாததாலதான் ரீஜென்ட் 1785ல ஃபிட்ஸ்ஹெர்பர்ட்ங்கிற அம்மாவை ரகசியமா கட்டிக்கிட்டது சட்டத்துல எடுபடல. அந்த லண்டன்ல அப்பன் சம்மதம் தேவைப்பட்டது நாடாள்றவருக்கு, உங்க பொண்ணுக்கு இல்ல.

பணம் வேற விஷயம். உயில்ல இருக்கிற அந்த ஒரு வரியிலதான் கதையோட முடிச்சே இருக்கு, நீங்க அதை ஒரு பத்தியில எழுதிட்டு கடந்து போயிட்டீங்க. ரெண்டு வழி சொல்றேன், எது பிடிக்குதோ எடுத்துக்கோங்க.

முதல் வழி, வரியை இப்படி மாத்துங்க: 8,000 பவுண்டு அவளுக்கே, ஆனா சித்தப்பா சம்மதம் இல்லாம கல்யாணம் பண்ணினா அந்தப் பணம் போயிடும். போனா யாருக்குப் போகும்னு அப்பா எழுத மறந்துட்டார். உயில், டிரஸ்ட் வழக்கெல்லாம் பாத்த அந்தக் காலத்து சான்சரி கோர்ட் இதை இன் டெரோரம்னு சொல்லும், அதாவது சும்மா பயமுறுத்துறதுக்கு எழுதின நிபந்தனை, மீறினாலும் பணம் போகாது. இது பணத்துக்குத்தான், நிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, அதனால உயில்ல நிலத்தைக் கொண்டு வந்துடாதீங்க. இருபது அத்தியாயம் எல்லாரும் சித்தப்பாவுக்குப் பயந்து நடுங்கிட்டு இருக்க, உயிலை ஒழுங்கா கடைசி வரைக்கும் படிச்ச ஒரே ஆள் அட்டர்னிகிட்ட, அதாவது வக்கீல்கிட்ட, வேலை பாக்குற ஒரு ஒல்லியான குமாஸ்தான்னு வெச்சுப் பாருங்க.

ரெண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிச்சது. நம்ம சொத்து மாற்றுச் சட்டம் 1882, அதுல 26ஆம் பிரிவு. இங்க லா காலேஜ்ல படிச்ச எல்லாரும் இதைக் கடந்துதான் வந்திருப்போம். மூணு பேர் சம்மதத்தோட கல்யாணம் பண்ணினா 5,000 ரூபாய்னு நிபந்தனை, மூணு பேர்ல ஒருத்தர் செத்துப் போறார், மிச்ச ரெண்டு பேர் சம்மதத்தோட கல்யாணம் நடக்குது, நிபந்தனை நிறைவேறினதாவே எடுத்துக்கணும். அதே பிரிவுல அடுத்த உதாரணம், கல்யாணத்தை முடிச்சுட்டு அப்புறமா போய் சம்மதம் வாங்கினா செல்லாது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்துல 128ஆம் பிரிவுல இதை விட ருசியான ஒண்ணு இருக்கு: நாலு பேர் சம்மதம் வேணும், ஒருத்தர் எழுதிக் கொடுத்துட்டார், ஒருத்தர் கல்யாணத்துக்கு வந்து நின்னார், ஒருத்தர் முன்கூட்டியே கல்யாணப் பரிசு அனுப்பினார், இன்னொருத்தர்கிட்ட விஷயத்தைச் சொன்னப்போ அவர் மறுப்பு எதுவும் சொல்லல, நாலும் சம்மதம்தான். எழுதினவங்க இங்கிலீஷ் வழக்குகளைப் படிச்சுட்டுத்தான் இந்தச் சட்டங்களை எழுதினாங்க, அதனால இதை உங்க 1816க்குத் திருப்பிக் கொண்டு போறதுல கூச்சப்பட வேண்டாம். சம்மதம் சொல்ல வேண்டியவங்களை நாலு பேர் ஆக்குங்க. எழுதிக் கொடுக்கிற ஒரு காது கேக்காத பாதிரியார், விருந்துன்னா கூப்பிடாமலே வந்து நிக்கிற ஒரு கர்னல், எதுக்குமே பதில் சொல்லாத ஒரு பெரியம்மா. கடைசியில சித்தப்பா. அவர்கிட்ட இருந்து கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளி டீப்பாட்டை, அது எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சே, அவர் கையாலயே அனுப்ப வைக்கணும். தெரியாம அனுப்பினா சம்மதம் ஆகாது, அதைக் கவனமா பாத்துக்கோங்க. அவரை எப்படி மடக்கறதுங்கறதுதான் உங்க கதை.

கிரெட்னா கிரீன் ஓட்டம்

மேல சொன்னதுலயே தெரிஞ்சிருக்கும், உங்க ஹீரோயினுக்கு அந்த ஓட்டம் தேவையே இல்ல. ஹார்ட்விக் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது, அங்க பொண்ணுக்கு 12, பையனுக்கு 14 ஆனா போதும், சாட்சி முன்னாடி நாங்க புருஷன் பொண்டாட்டின்னு சொன்னா முடிஞ்சது, அதனாலதான் எல்லையைத் தாண்டின உடனே வர்ற முதல் ஊர்ல கொல்லன் பட்டறைக்காரங்க வரைக்கும் கல்யாணம் பண்ணி வெச்சுக் காசு பாத்தாங்க. லண்டன்ல இருந்து முந்நூறு மைலுக்கு மேல. குதிரை மாத்தி மாத்திப் போனாலும் ரெண்டு மூணு நாள் குலுங்கணும், வழியெல்லாம் வண்டிக்குக் காசு, அரைச் சம்பளக் கேப்டனால பாதி வழிகூடத் தாங்க முடியாது.

ஆனா சீனை வீணாக்காதீங்க, வேற ஆளுக்குக் கொடுங்க. சித்தப்பாவுக்கு 19 வயசுல ஒரு பொண்ணு இருக்குன்னு மூணாவது அத்தியாயத்துல போற போக்குல சொல்லியிருக்கீங்களே. இவர் அண்ணன் மகளையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்க, சொந்தப் பொண்ணு டான்ஸ் மாஸ்டரோட வடக்கே கிளம்பிடட்டும். அதுக்கப்புறம் சித்தப்பா சான்சரி கோர்ட்டுக்கு ஓடினா அங்க யாரு உக்காந்திருப்பார்? அந்தக் கோர்ட்டுக்குத் தலைவரான லார்டு சான்சலர் எல்டன். அவரே 1772ல நியூகாசில்ல ஒரு பணக்காரர் பொண்ணை, பெஸ்ஸி சர்ட்டீஸ்னு பேரு, மாடி ஜன்னல்ல ஏணி போட்டு இறக்கி ஸ்காட்லாந்துக்குக் கூட்டிட்டு ஓடினவர். அந்த வீடு நியூகாசில்ல இன்னும் இருக்கு. இதை நான் கற்பனை பண்ணியிருந்தா ஓவர்னு நீங்களே வெட்டியிருப்பீங்க.

ஒரு எச்சரிக்கை. ஓட்டம்னா எப்பவும் காதல்னு எழுதிடாதீங்க. 1826ல வேக்ஃபீல்டுன்னு ஒருத்தன் ஸ்கூல்ல இருந்த 15 வயசு பணக்காரப் பொண்ணை அப்பாவுக்குக் கஷ்டம்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போய் கிரெட்னாவுல கட்டிக்கிட்டான், மூணு வருஷம் ஜெயில், அந்தக் கல்யாணத்தை பார்லிமென்ட்டே ரத்து பண்ணுச்சு. சொத்துக்காரப் பொண்ணைக் கடத்துறது எல்டன் காலத்துலயும் பெருங்குற்றம்தான்.

பால்கனியும் நடுராத்திரியும்

பால்கனியில ரெண்டு பேர் தனியா நின்னதை லேடி யாரோ பாத்துட்டாங்கன்னா கட்டித்தான் ஆகணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. பேர் கெடும், அழைப்புகள் நிக்கும், அது ஊர் வாய் பண்ற வேலை. சட்டம் உள்ள வர்றது "கட்டிக்கிறேன்"னு வாக்கு கொடுத்த பிறகுதான். வாக்கு கொடுத்துட்டு மீறினா நஷ்டஈடு கேட்டு வழக்கு போடலாம், ஆணும் போடலாம் பொண்ணும் போடலாம், ஆனா ஜூரி மனசு இளகுறது பெரும்பாலும் பொண்ணுங்களுக்குத்தான். இந்த வழக்கை இங்கிலாந்துல 1970ல போட்ட சட்டத்துலதான் ஒழிச்சாங்க. இதுல உங்களுக்கு ஒரு புதையல் இருக்கு: 1869 வரைக்கும் இந்த மாதிரி வழக்குல வாதியும் பிரதிவாதியும் சாட்சி சொல்லவே முடியாது. அதாவது யார் காதலிச்சாங்களோ அந்த ரெண்டு பேரும் கோர்ட்ல வாயைத் திறக்கக் கூடாது, காதல் எப்படி நடந்ததுன்னு வேலைக்காரியும் அத்தையும் வண்டிக்காரனும் வந்து சொல்வாங்க, லெட்டர் எல்லாத்தையும் வக்கீல் சத்தமா வாசிப்பார். வைகவுன்ட் எழுதின அந்தக் கேவலமான கவிதையை வேற எங்க வாசிக்க வெக்கப் போறீங்க?

நடுராத்திரி கல்யாணம் நடக்காது. சர்ச் விதிப்படி காலை 8ல இருந்து 12க்குள்ள முடிக்கணும், அதனாலதான் அவங்க கல்யாணச் சாப்பாடு காலைச் சாப்பாடு. லைசென்ஸும் இல்லாம பேரும் வாசிக்காம பண்ணி வெச்ச பாதிரியாருக்கு 14 வருஷம் நாடு கடத்தல். நேரம் காலம் இடம் பாக்காம கட்டிக்க கேன்டர்பரி ஆர்ச்பிஷப் தர்ற ஸ்பெஷல் லைசென்ஸ் வேணும், அது பிரபுக்கள், அவங்க பிள்ளைகள், எம்.பி.க்கள், நைட்டு பட்டம் வாங்கினவங்க, ஜட்ஜுங்கன்னு ஒரு சின்ன வட்டத்துக்குத்தான். உங்க கேப்டனுக்குக் கிடைக்காது, வைகவுன்ட்டுக்குக் கிடைக்கும். ஆக மெழுகுவர்த்தி, ரோஜா, நடுராத்திரி எல்லாம் தப்பான மாப்பிள்ளையோடதான் நடக்கும், சரியான மாப்பிள்ளைன்னா காலை ஒம்பது மணிக்கு, மூக்கு ஒழுகுற குளிர்ல, பேர் ரெஜிஸ்டர்ல தப்பா எழுதியிருக்கான்னு பாத்துக்கிட்டு நிக்கணும். நான் இருந்தா இந்த ரெண்டையும் அடுத்தடுத்த அத்தியாயமா வெப்பேன்.

8,000 பவுண்டும் தொப்பிக் கடையும்

இது கசக்கும். கல்யாணம் ஆன அடுத்த நிமிஷம் சட்டத்துக்கு அவ தனி ஆள் இல்ல. கையில இருக்கிற காசு, நகை, சாமான், அப்புறம் சம்பாதிக்கிறது எல்லாம் புருஷனோடது, நிலம் இருந்தா அதோட வருமானமும் அவன் கையில. பொண்டாட்டி பேர்ல ஒப்பந்தம் போட முடியாது, தனியா வழக்கு போட முடியாது. இதை மாத்தின சட்டங்கள் 1870லயும் 1882லயும்தான் வந்துச்சு. அதனால "ஹீரோயின் தன் பணத்துல"ன்னு நீங்க எழுதின வரி அப்படியே நிக்காது.

நிக்க வைக்க வழி இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே 8,000ஐ டிரஸ்டிங்க பேர்ல மாத்தி, "இவளோட தனி உபயோகத்துக்கு"ன்னு செட்டில்மென்ட் பத்திரம் எழுதணும். அரசாங்க அஞ்சு சதவீதக் கடன் பத்திரத்துல போட்டா வருஷம் 400 பவுண்டு, அது அவ கைக்கு வரும், புருஷனோட கடன்காரன் தொட முடியாது. மாப்பிள்ளைக்குத் தெரியாம ரகசியமா எழுதினா பின்னாடி கோர்ட் ரத்து பண்ணிடலாம், தெரிஞ்சே எழுதுங்க. ஸ்ட்ராத்மோர் கவுன்டஸ்னு ஒரு பிரபு வீட்டம்மா விஷயம் படிச்சிருக்கீங்களா, 1777ல ஸ்டோனிங்கிறவன் அவங்க மானத்துக்காக டூயல் சண்டை போட்டு சாகக் கிடக்கிற மாதிரி நடிச்சான், சாகப் போறவன் ஆசைன்னு அவங்களும் கட்டிக்கிட்டாங்க, அவன் நல்லா எந்திரிச்சு உக்காந்துட்டான். ஆனா அந்தம்மா ஒரு வாரம் முன்னாடியே சொத்தைப் பத்திரம் எழுதி வெச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் அவன் பண்ணின கொடுமை எந்த நகைச்சுவைக் கதையிலயும் வைக்க முடியாது, பல வருஷம் கழிச்சு கோர்ட்ல அந்தப் பத்திரம்தான் அவங்களைக் காப்பாத்துச்சு.

கடைக்கு வருவோம். பாண்ட் ஸ்ட்ரீட்ல வெச்சிருக்கீங்க, அங்க வேண்டாம். பழைய லண்டன் சிட்டி எல்லைக்குள்ள மட்டும் ஒரு வழக்கம் உண்டு, கல்யாணம் ஆன பொம்பளையும் தனி ஆளா வியாபாரம் பண்ணலாம், அவ கடை கணக்கு அவளோடது. சீப்சைட் சிட்டிக்குள்ள இருக்கு. மேட்டுக்குடி ஆளுங்க அந்தப் பேரைக் கேட்டாலே மூக்கைச் சுருக்குவாங்க, ஹீரோயினுக்கு அதைப் பத்தி என்ன கவலை.

அப்புறம் அந்த 140 பவுண்டு பாக்கி. அதை ஹீரோயின் தலையில பாரமா வெச்சு அழ வெச்சிருக்கீங்க. அழ வேண்டியது மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னாடி அவ வாங்கின கடனுக்கும் புருஷன்தான் பொறுப்பு. தொப்பிக் கடைக்காரம்மா சர்ச் வாசல்லயே பில்லோட நிக்கலாம், சட்டப்படி சரி.

மூணு பேர்ல யாரு?

சட்டக் கண்ணோட பாத்தா வைகவுன்ட்தான் ரொம்ப ஆபத்து. பிரபுங்கறதால கடனுக்காக அவரைக் கைது பண்ண முடியாது, அதனால அவருக்குப் பயமே இல்ல, கடன் ஏறிட்டே போகும், நிலம் வாரிசுக்குக் கட்டிப்போட்டது, அதை வித்து அடைக்கவும் முடியாது. பிரபு இல்லாதவங்க நிலைமை வேற. ஊருக்கே டை கட்டச் சொல்லிக் கொடுத்த பியூ பிரம்மல் 1816 மே மாசம் ஆபரா பாத்துட்டு அப்படியே கடன்காரங்களுக்கு டிமிக்கி கொடுத்து பிரான்ஸுக்குக் கிளம்பினார், உங்க கதை நடக்குற அதே சீசன், அந்தச் செய்தி ஒரு விருந்துல அடிபடலன்னாதான் ஆச்சரியம். கேப்டன் நல்ல பையன், ஆனா கடன்பட்டா ஜெயில்தான், அதனால செட்டில்மென்ட் பத்திரம் இல்லாம அவரைக் கட்ட விடாதீங்க.

மெட்ராஸ்காரரை நீங்க ரொம்ப வாட்டுறீங்க. வருமானம் கணக்குல அவர்தான் கெட்டி. கேள்வி கேக்க வேண்டியது வேற இடத்துல: அந்தக் காலத்துல நிறைய கம்பெனி ஆளுங்களுக்கு இங்க ஏற்கெனவே ஒரு துணையும் குழந்தைகளும் உண்டு, சில பேர் உயில்லயே அவங்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்காங்க, ஒதுக்காம கைகழுவினவங்களும் உண்டு. அவர் எந்த ரகம்னு ஹீரோயினோட வக்கீல் கேக்கட்டும், அந்தப் பதில்லதான் அவர் வில்லனா இல்லையான்னு முடிவாகும். கட்டிக்கிட்டா மெட்ராஸ் வரைக்கும் ஆப்பிரிக்காவோட தென்முனையைச் சுத்தி நாலஞ்சு மாசம் கப்பல், காத்து சரியில்லன்னா அதுக்கும் மேல. இந்தப் பக்கம் மாப்பிள்ளை தேடிக் கப்பல் ஏறி வந்த பொண்ணுங்களும் இருந்தாங்க, நம்ம சென்னைக் கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச்ல 1753ல ராபர்ட் கிளைவைக் கட்டிக்கிட்ட மார்கரெட் அப்படி வந்தவங்கதான். எதிர்ப்பக்கமும் உண்டு. ஆர்தர் வெல்லெஸ்லின்னு ஒரு பையன் கிட்டி பாக்கென்ஹாம்ங்கிற பொண்ணைக் கேட்டான், வருமானம் பத்தாதுன்னு 1793ல வீட்ல துரத்திட்டாங்க, அவன் இந்தியாவுக்கு வந்து மெட்ராஸ்ல தங்கி ஸ்ரீரங்கப்பட்டணம் சண்டையெல்லாம் முடிச்சு கையில காசோட 1805ல திரும்பிப் போய் 1806ல அதே பொண்ணைக் கட்டிக்கிட்டான். அவர்தான் வாட்டர்லூ ஜெயிச்ச வெல்லிங்டன். அந்தக் கல்யாணம் சந்தோஷமா இல்லங்கறது தனிக்கதை. உங்க கேப்டன் தன் ஜெனரலோட இந்தக் கதையைத் தெரியாம இருப்பாரா?

டைவர்ஸ் பத்தி ஒரே வார்த்தை, கனவு காணாதீங்க. 1857 வரைக்கும் மறுபடி கட்டிக்கிற மாதிரி டைவர்ஸ் வேணும்னா பார்லிமென்ட்ல தனிச் சட்டம் போடணும். அவ்வளவு வருஷத்துல அப்படி வாங்கின பொண்ணுங்க மொத்தம் நாலே பேர், முதல் ஆள் 1801ல, அதுவும் புருஷன் அவ கூடப்பிறந்தவளோடயே போனதால. உங்க நாயகி வைகவுன்ட்டைக் கட்டிக்கிட்டா கதை அங்கயே முடிஞ்சது, அதனால நிச்சயத்தை முறிக்கிறதோட நிறுத்துங்க. பொண்ணு முறிச்சா ஊர் "மனசு மாறிட்டா"ன்னு விட்டுடும், மரியாதைப்பட்ட ஆண் முறிக்க முடியாது, அதனால கடைசி நாலு அத்தியாயம் வைகவுன்ட்டே அவளை முறிக்க வெக்கப் படாதபாடு படலாம்.

சட்டம் சாராம ரெண்டு திருத்தம். ஜூலையில வெயில்ல பிக்னிக் வெச்சிருக்கீங்க. 1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சதுல 1816ல ஐரோப்பாவுக்குக் கோடையே வரல, ஒரே குளிரும் மழையும், பிக்னிக்ல எல்லாரும் நனையட்டும், அது இன்னும் நல்லா இருக்கும். மேட்டுக்குடி ஆளுங்க சீட்டு வாங்கிக்கிட்டு டான்ஸ் ஆடப் போற ஆல்மாக்ஸ் கிளப்ல தடபுடல் விருந்து போட்டிருக்கீங்க, அங்க கொடுத்தது மெல்லிசா வெட்டின ரொட்டியும் வெண்ணெயும், எலுமிச்சை ஜூஸும் டீயும்தான். பதினொரு மணிக்கு மேல டியூக்கே வந்தாலும் கதவு திறக்காது.

கடிதத்தோட ஓரத்துல பென்சில்ல ஒண்ணு கேட்டிருந்தீங்க, பேசாம ஹீரோயினோட வக்கீலையே ஹீரோ ஆக்கிடலாமான்னு. ஆக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்ல. அட்டர்னிக்கு ஆல்மாக்ஸ் சீட்டு கிடைக்காது, அதனால அவளைப் பாக்கணும்னா உயிலைக் காரணம் காட்டித்தான் வீட்டுக்கு வரணும். ஆனா மாப்பிள்ளைன்னு ஆன நாள்ல இருந்து அவர் அவளோட செட்டில்மென்ட் பத்திரத்தைத் தொடக் கூடாது, வேற ஒரு வக்கீலை வெச்சு அந்தாள்கிட்ட தனக்கு எதிரா நல்லா பேரம் பேசச் சொல்லணும், அந்த ஃபீஸையும் இவரே கொடுக்கட்டும்.